திருகுப் புரியின் பயன்படு விட்டம்

பௌதிக ஆய்வுகூடத்திலே நுண்மானித் திருகுக்கணிச்சியைக் கையாளாத விஞ்ஞான மாணவர் இலர். அக்கணிச்சிக்கு உயிராயுள்ளது அதனகத்துள்ள திருகே. அதன் புரியிடை அரை மில்லிமீற்றர். வட்ட அளவிடையின் பிரிவுகள் 50. ஆகவே ஒரு பிரிவு 0.01 மில்லிமீற்றரைக் குறிக்கும். இவ்வாறு பிற பொருள்களை அளக்க உதவும் திருகினையே அளப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆணியொன்றின் புறவிட்டத்தை அளத்தல் எளிது. ஆயினும், அவ்வாணி சுரையிற் செவ்வனே பொருந்துமா என்பதை அவ்வளவு உணர்த்தாது. மெற்றிக் புரியில், ஆணியும் சுரையும் ஒன்றையொன்று தாங்குவன சாய்ந்த பக்கங்களாலேயே. முடிகளுக்கும் அடிகளுக்குமிடையே சிறிது வெளி விடப்படும். எனவே பொருத்தத்தை நிருணயிப்பது பக்கங்களின் நிலையாம். அந்நிலையைக் குறித்தற்குத் திருகின் அச்சையே தன் அச்சாகக் கொண்ட உருளையொன்றைக் கற்பித்துக் கொள்வர். புரியின் பருமனும் தவாளிப்பின் அகலமும் சமனாகுமிடத்தில் அது பக்கங்களை வெட்டிச் செல்லும். அவ்வுருளையின் விட்டமே பயன்படு விட்டம் எனப்படும். இது மிகின் ஆணி சுரையுட் புகாது. குறையின் பக்கங்கள் ஒன்றன்மேலொன்று படியும் ஆழம் குன்றி, சுமை மிகுந்துழிப் புரி அறுந்துபோம்.

இனி, கணிக்கும் முறையை நோக்குவோம். மெற்றிக் புரியின் கோணம் 60 பாகை. ஆகவே அதற்கு அடிப்படையான சமபக்க முக்கோணத்தின் உயரம் புரியிடையின் 0.866 மடங்காகும். அவ்வுயரத்தின் எட்டிலொரு பங்கு முடியில் வெட்டப்படுகின்றது. பயன்படு கோடோ கூர்முனையிலிருந்து அரைப்பங்கு உயரத்தில் உள்ளது. இவற்றின் வித்தியாசம் எட்டில் மூன்று பங்கு. இருபுறமும் சேர எட்டில் ஆறு பங்கு. எனவே,

பயன்படு விட்டம் = புறவிட்டம் − (0.6495 × புரியிடை).

புறவிட்டம் 10 மில்லிமீற்றரும் புரியிடை 1.5 மில்லிமீற்றரும் உடைய ஆணிக்கு இது 9.026 மில்லிமீற்றராகும்.

கற்பனையுருளையைக் கருவியாற் றொடுதல் இயலாது. ஆதலின் சம விட்டமுள்ள மூன்று கம்பிகளைத் துணைக்கொள்வர். ஒருபுறத்தில் அடுத்தடுத்த இரு தவாளிப்புகளில் இரண்டும், எதிர்ப்புறத்தில் ஒன்றும் வைத்து, அவற்றின்மேல் நுண்மானியால் அளப்பர். இரண்டும் ஒன்றுமாக வைப்பதால் நுண்மானியின் முகங்கள் திருகின் அச்சுக்குச் சமாந்தரமாய் நிற்கும். 60 பாகைப் புரிக்கு,

பயன்படு விட்டம் = வாசிப்பு − (3 × கம்பியின் விட்டம்) + (0.866 × புரியிடை).

கம்பியின் விட்டம் புரியிடையின் 0.577 மடங்காயின், அது பயன்படு கோட்டிலேயே பக்கங்களைத் தொடும். அப்பொழுது கோணத்திலுள்ள சிறு வழு பெறுபேற்றைப் பெரிதும் பாதியாது. மேற்கூறிய ஆணிக்கு 0.866 மில்லிமீற்றர்க் கம்பி உகந்தது; வாசிப்பு 10.325 ஆகும். புரியின் சாய்வாலும் அமுக்கத்தாலும் வேண்டப்படும் நுண்ணிய திருத்தங்களை ஈண்டு விடுத்தோம். எனினும், கம்பியின் விட்டத்தில் நேரும் வழு விடையில் மும்மடங்காகும் என்பதை மறத்தலாகாது.

கோணம் மாறின் எண்களும் மாறும். 1841இல் இங்கிலாந்தில் யோசப் விற்வேத் முன்மொழிந்த புரி 55 பாகை. 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செலேர்ஸ் முன்மொழிந்தது 60 பாகை. இரண்டாம் உலகப் போரில் இவ்வேறுபாடு நேச நாடுகளுக்குப் பெருந்தொல்லை விளைத்தது. ஆதலின் 1948இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்றும் 60 பாகைப் புரியையே பொதுவாக ஏற்றன.

கம்பிகள் காட்டும் அளவு சரியாயிருந்தும் ஆணி சுரையுட் புகாதிருத்தல் கூடும். காரணம் புரியிடை வழுவே. பொருந்தும் நீளத்தில் அவ்வழு 0.02 மில்லிமீற்றராயின், ஆணியின் பயன்படு விட்டம் அதன் 1.732 மடங்கு, அதாவது ஏறக்குறைய 0.035 மில்லிமீற்றர், மிகுந்தது போலச் சுரைக்குத் தோன்றும். எனவேதான் 1905இல் வில்லியம் ரெயிலர் ஒரு விதி வகுத்தார். புகவேண்டிய மானி புரியின் முழு வடிவத்தையும் ஒருங்கே சோதித்தல் வேண்டும். புகலாகாத மானி ஓர் அளவை மட்டுமே தனித்துச் சோதித்தல் வேண்டும் என்பதே அது.

பாலத்தையும் பொறியையும் பிணைத்து நிற்பது புறத்தே காணும் விட்டமன்று. கணிதத்தால் மட்டுமே காணக்கூடிய இவ்வுருளையே. கேத்திர கணிதமும் திரிகோண கணிதமும் தொழிற்சாலைக்கு வேண்டாதன என எண்ணும் மாணவர், மூன்று கம்பிகளையும் நுண்மானியையும் கொண்டு ஓர் ஆணியைத் தாமே அளந்து பார்ப்பாராக.