பதில் வரலைன்னா பணம் போச்சுன்னு அர்த்தமா?

களியக்காவிளை எல்லையோரம் பேருந்தில் இருந்தபடியே கைபேசியில் கட்டணம் கட்டுபவர்களுக்குத் தெரிந்த கதைதான். ‘பணம் செலுத்து’ பொத்தானை அழுத்தியாச்சு. வட்டம் சுத்துது, நிக்கவே இல்லை. கடைசியில் ‘மீண்டும் முயலவும்’ என்று ஒரு வரி. பைசா போச்சா, இல்லியா?

செயலி நம் கோரிக்கையை ஏபிஐ வழியாகத் துறையின் சர்வருக்கு அனுப்புகிறது. பதில் அரை நொடியிலும் வரலாம், அரை நிமிடத்திலும் வரலாம். அதுவரை செயலி அசையாமல் நிற்க முடியாது. தாலுகா ஆபீஸில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டோடு வீட்டு வேலையைப் பார்க்கப் போவதைப் போல, அதுவும் வேறு வேலையைக் கவனித்துக்கொண்டு, பதில் வந்ததும் திரும்பிப் பார்க்கும். இதுதான் ஒத்திசைவற்ற அழைப்பு. 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல், திரையைக் கவனிக்கும் முதன்மை இழையிலேயே இணைய வேலையைச் செய்தால் சிஸ்டமே பிழை காட்டி நிறுத்திவிடும். அதனால் கோரூட்டீன் போன்ற வசதிகளை நிரலாளர்கள் பழகிவிட்டார்கள்.

சிக்கல் அங்கே இல்லை, பதிலே வராதபோதுதான். கோரிக்கை போகும் வழியில் தொலைந்திருக்கலாம். அல்லது சர்வர் வேலையை முடித்த பிறகு, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். கைபேசிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்தியாவின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களில் தமிழ்நாடு ஒன்று, கேரளம் வேறொன்று. பாறசாலை பக்கம் பஸ் நகரும்போது டவர் மாறி, இணைப்பு ஒரு கணம் அறுந்தால் போதும். இந்தப் பக்கம் அனுப்பிய கோரிக்கைக்கு அந்தப் பக்கம் பதில் வந்து சேராமல் போகலாம்.

ஆகவே நிரலில் வெற்றி, தோல்வி என்று இரண்டு கிளை போதாது. ‘தெரியவில்லை’ என்று மூன்றாவது வேணும். அனுப்பும் முன்பே ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதைக் கைபேசியில் சேமிக்க வேண்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் மறுபடி பணம் எடுக்காமல், பழைய பதிலையே தர வேண்டும். நேரம் கடந்தால் ‘தோல்வி’ என்று காட்டாமல், அந்த எண்ணை வைத்து 2, 4, 8 நொடி இடைவெளியில் நிலவரம் கேட்கட்டும். பொத்தானை முடக்கி வைத்தால் போதாதா என்பார்கள். போதாது, பொறுமை இழந்தவர் செயலியை மூடித் திரும்பத் திறப்பார், பொத்தான் புதுசா நிக்கும்!

தாமதமாக வரும் பதிலும் ஆபத்துதான். விளவங்கோடு வட்டத்தைத் தொட்டுவிட்டு, உடனே கல்குளம் என்று மாற்றுகிறீர்கள். முதல் கோரிக்கையின் பதில் பிந்தி வந்தால், கல்குளத்தின் கீழ் விளவங்கோட்டு ஊர்கள் வரிசையாக நிற்கும். விண்ணப்பத்தில் ஊரே மாறிப்போகும். புதுக் கோரிக்கை போனதும் பழையதை ரத்து செய்ய வேண்டும்.

பயன்படுத்துகிற நாம், வட்டம் சுத்தினால் மறுபடி அழுத்தாமல் முதலில் பரிவர்த்தனை வரலாற்றைப் பார்ப்போம். 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, யுபிஐயில் பணம் பிடித்தும் வணிகருக்கு உறுதி போகவில்லை என்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு. புகார் கொடுக்கப் பரிவர்த்தனை எண் தேவைப்படும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.