தெற்காசியக் கோப்பைக்குக் குவைத் ஏன் வந்தது?

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கால்பந்துப் பிரியர்களுக்குச் சர்வதேச ஆட்டம் பார்க்கச் சென்னை தோதுப்படாது. ஆனேக்கல் வழியாகப் பஸ் பிடித்தால் பெங்களூர்தான் கிட்ட. அங்கே கண்டீரவா மைதானத்தில் 2023 ஜூன் 21 முதல் ஜூலை 4 வரை நடந்தது சாஃப் கோப்பை என்கிற தெற்காசியக் கால்பந்துப் போட்டி. இந்தியா ஒன்பதாவது முறையாக ஜெயித்தது. ஆனால் ஃபைனலில் எதிரே நின்ற அணி குவைத். வளைகுடா நாட்டுக்குத் தெற்காசியக் கோப்பையில் என்ன வேலை என்று கேட்டால், இந்தப் போட்டியின் முப்பது வருடக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

1993-ல் லாகூரில் சார்க் தங்கக் கோப்பை என்ற பெயரில் தொடங்கியபோது நான்கே அணிகள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் தங்களுக்குள் ஆடின. புள்ளியில் முந்திய இந்தியா கோப்பையை வாங்கியது. 1995-ல் கொழும்பில் இலங்கை, கூடுதல் நேரத்தில் அடித்த ஒரே கோலில் இந்தியாவைக் கவிழ்த்தது. தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1997-ல் உருவானது. சாஃப் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். அந்த வருடம் காத்மாண்டு ஃபைனலில் மாலத்தீவை 5-1 என்று இந்தியா துவைத்தெடுத்தது. அப்போது இந்திய அணியின் நட்சத்திரம் திருச்சூர்க்காரர் ஐ.எம்.விஜயன். ‘திமிரு’ படத்து வில்லன் என்றால் நம்மூரில் சட்டென்று அடையாளம் தெரியும்.

அப்படி அடிவாங்கிய மாலத்தீவு பதினோரு வருடத்தில் திருப்பிக் கொடுத்தது. 2008 ஃபைனலில் 1-0, 2018 டாக்கா ஃபைனலில் 2-1. இரண்டிலும் தோற்றது இந்தியா. ஐந்து லட்சம் சொச்சம் மக்கள் உள்ள நாடு அது; கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. அங்கிருந்து வந்த அலி அஷ்ஃபாக், 2013 போட்டியில் இலங்கைக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் போட்டார். அந்த ஆட்டம் 10-0. முன்னாள் சாம்பியன் இலங்கை அந்த அளவுக்குச் சரிந்திருந்தது.

அதே 2013-ல், காத்மாண்டு ஃபைனலில் இந்தியாவை 2-0 என்று வென்றது ஆப்கானிஸ்தான். போரிலேயே காலம் கழித்த நாட்டுக்கு அதுதான் முதல் சர்வதேசக் கால்பந்துக் கோப்பை. காபூலில் ஜனங்கள் தெருவுக்கு வந்து கொண்டாடினார்கள். வானத்தை நோக்கித் துப்பாக்கியும் சுட்டார்கள். அடுத்த ஃபைனல் திருவனந்தபுரத்தில், 2016 ஜனவரி 3-ல். கூடுதல் நேரத்தில் இந்தியா 2-1 என்று பழி தீர்த்தது. அதோடு ஆப்கானிஸ்தான் மத்திய ஆசியக் கூட்டமைப்புக்குப் போய்விட்டது. என்னைக் கேட்டால், இந்தப் போட்டிக்கு விழுந்த பெரிய அடி அதுதான். இந்தியாவோடு சரிக்குச் சரி மல்லுக்கட்டிய அணி போய்விட்டது.

மிச்சம் ஏழு நாடுகள். அதிலும் இலங்கைக் கால்பந்தில் அரசு தலையிட்டதாகச் சொல்லி 2023 ஜனவரியில் ஃபிஃபா தடை போட்டது. ஆறு அணிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குவைத்தையும் லெபனானையும் விருந்தாளிகளாக அழைத்தார்கள். நான்கு நான்காக இரண்டு பிரிவு, அரையிறுதி, ஃபைனல் என்று கணக்கு சரியாயிற்று.

முதல் நாளே இந்தியா-பாகிஸ்தான். விசா இழுபறியால் பாகிஸ்தான் வீரர்கள் ஆட்ட நாளன்றுதான் பெங்களூர் வந்து சேர்ந்தார்கள். தூக்கமும் இல்லை, பயிற்சியும் இல்லை. 4-0, சுனில் சேத்ரிக்கு ஹாட்ரிக். இதை ஜெயித்ததில் பெருமைப்பட அதிகம் இல்லை. எதிரணியின் த்ரோவைத் தடுக்கப் போய் நம் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் சிவப்பு அட்டை வாங்கியதுதான் அன்றைய வேடிக்கை.

விருந்தாளிகளிடம்தான் இந்தியா திணறியது. குவைத்தோடு 1-1. அரையிறுதியில் லெபனானோடு கோலே இல்லாமல் போய், பெனால்டியில் பிழைத்தது. ஃபைனலில் 14-வது நிமிடத்திலேயே குவைத் கோல் போட்டது. 38-வது நிமிடத்தில் இந்தியாவின் சாங்தே சமன் செய்தார். பிறகு 120 நிமிடம் வரை ஒன்றும் நடக்கவில்லை. பெனால்டியில் குவைத் முதல் உதையைத் தவறவிட, மணிப்பூர்க்காரர் உதாந்தா நான்காவதை வீணாக்கினார். ஆறாவது உதையை இன்னொரு மணிப்பூர்க்காரர் மகேஷ் உள்ளே தள்ளினார். அடுத்து வந்த குவைத் வீரரின் பந்தைக் கோல்கீப்பர் குர்பிரீத் பாய்ந்து தட்டிவிட்டார். 5-4. மொத்த மைதானமும் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘வந்தே மாதரம்’ பாடியது.

பலமான அணியோடு மோதியதால் இந்தியாவுக்கு லாபம். அந்த மாதமே தரவரிசையில் 99-வது இடத்துக்கு வந்தது. நஷ்டம் வங்கதேசத்துக்கு. அரையிறுதியில் கூடுதல் நேரம் வரை போராடி 1-0 என்று குவைத்திடம் தோற்றது. விருந்தாளி இல்லாமல் இருந்திருந்தால் ஃபைனலில் ஆடியிருக்கலாம். சின்ன நாடுகளுக்கும் கோப்பை கிடைக்கிற இடம் இது. அதிலும் வெளியாரை உட்கார வைப்பது நியாயமா என்ற கேள்விக்குக் கூட்டமைப்பு இன்னும் பதில் சொல்ல வேண்டும்.

பெண்கள் பக்கத்தில் வங்கதேசத்தின் கதை வேறு. பெண்கள் சாஃப் கோப்பை 2010-ல் தொடங்கியது. முதல் ஐந்தும் இந்தியாவுக்கே. சிலிகுரியில் நடந்த நான்காவது போட்டியின் ஃபைனலில் இந்தியா 3-1 என்று வங்கதேசத்தை வென்றபோது ஒரு கோல் நம் கடலூர் இந்துமதியுடையது. 2022, 2024 கோப்பைகளை அதே வங்கதேசப் பெண்கள் எடுத்துப் போனார்கள். அந்த இரண்டிலும் இந்தியா ஃபைனலுக்கே வரவில்லை.

ஆண்கள் அணியும் 2025-ல் தரவரிசையில் 130-க்கும் கீழே போய்விட்டது. அந்த நவம்பரில் டாக்காவில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசம் 1-0 என்று இந்தியாவை வென்றது. அதற்கு முன்பு அவர்கள் நம்மை ஜெயித்தது 2003 சாஃப் கோப்பை அரையிறுதியில். இந்தியா ஃபைனலுக்கு வராத ஒரே சாஃப் போட்டியும், வங்கதேசம் சாம்பியனான ஒரே போட்டியும் அதுதான்.