நடைப் பரீட்சைக்குக் குதிரையைப் பயிற்றும் அளவு

மேனாட்டுக் குதிரையேற்றக் கலையின் பிரிவுகளுள் 'டிறெசாஜ்' என்பது ஒன்று. பயிற்றுதல் என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. 60 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமுமுள்ள அரங்கின் ஓரங்களிலே எழுத்துக்கள் நாட்டப்பட்டிருக்கும். நம் முன்னோர் 'கதி' என வழங்கிய நடை வகைகளுள் நடை, துள்ளோட்டம், மென்பாய்ச்சல் ஆகிய மூன்றையும் குறித்த எழுத்தின் அருகே தொடங்கியும், மாற்றியும், வட்டமிட்டும், அசையாது நின்றும் குதிரை காட்டுதல் வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை புள்ளியிடுவர். 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோமில் நடந்த ஒலிம்பிக் விழாவிலே இது முதன்முதலாக இடம்பெற்றது.

பரீட்சை பெரும்பாலும் ஐந்தாறு நிமிடங்களுள் முடிந்துவிடும். அதற்கு முன் எத்துணைப் பயிற்சி வேண்டும்? பரீட்சைப் பாடத்தை முதலிலிருந்து இறுதிவரை நாடோறும் ஓட்டிப் பார்த்தலே தக்கதெனப் புதியோர் எண்ணுவர். விலக்கத்தக்கதும் அதுவேயாம். குதிரையின் நினைவாற்றல் மிகப் பெரிது. குறித்த மூலையிலே மென்பாய்ச்சலைத் தொடங்குமாறு ஐந்தாறு முறை ஏவினால், அடுத்த முறை ஏவுமுன்னரே அது பாயத் தொடங்கும். நடுவர் இதற்குப் புள்ளியைக் குறைப்பர். பார்ப்போர்க்குக் கீழ்ப்படியாமையாகத் தோன்றுமிது, உண்மையில் கற்பித்ததை மிக நன்றாகக் கற்றதன் பயனேயாகும். நெட்டுருச் செய்த மாணவன் வினாவை முற்றும் வாசியாமலே விடை எழுதப் புகுதலை ஆசிரியராயுள்ளோர் அறிவர்.

குதிரையின் கூர்ந்துணரும் தன்மைக்கு ஹான்ஸ் என்னும் குதிரையின் வரலாறு சிறந்த சான்று. பெர்லினிலே வொன் ஒஸ்ரென் என்னும் கணித ஆசிரியர் வளர்த்த இக்குதிரை, கூட்டல் கழித்தற் கணக்குகளுக்குக் குளம்பினால் நிலத்தைத் தட்டி விடை கூறியது. ஒஸ்கார் பூங்ஸ்ற் என்னும் ஆராய்ச்சியாளர் இதனைப் பல்லாற்றானும் சோதித்து 1907இல் முடிபை வெளியிட்டார். வினவுவோர் தம்மையறியாமலே செய்யும் சிறு தலையசைவைக் கண்டு, உரிய எண்ணிக்கையில் அது தட்டுதலை நிறுத்தியது என்பதே அம்முடிபு. நின்று வினவுவோனது தலையசைவையே காணவல்ல விலங்கு, தன் முதுகின்மேல் இருப்போனது இடுப்பின் இறுக்கத்தையும் மூச்சின் மாற்றத்தையும் உணராதிருக்குமோ?

ஆகவே, பரீட்சையின் ஒழுங்கு முறையைக் கற்க வேண்டியவன் ஏறுவோனேயன்றிக் குதிரையன்று. அவன் தாளில் வரைந்தும், வீட்டு முற்றத்திலே தன் காலால் நடந்தும் அதனை மனத்திற் பதித்துக் கொள்ளலாம். குதிரைக்கோ தனித்தனி உறுப்புகளையே பயிற்றல் வேண்டும். அவற்றையும் இடமும் வரிசையும் மாற்றிப் பயிற்றல் வேண்டும். எப்பொழுதும் அரங்கின் நடுப்புள்ளியிலேயே நிறுத்தாது, ஒருநாள் அதற்கு முன்னும் ஒருநாள் அதனைக் கடந்தும் நிறுத்துக. முழுப் பாடத்தையும் இறுதி இரு வாரங்களில் ஓரிருமுறை ஓட்டிப் பார்த்தாற் போதும் என்பது எமது துணிபு.

நாடோறும் பயிற்றுதல் இன்றியமையாததோ எனின், 1980இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கருதத்தக்கது. வாரம் ஒருமுறை பயிற்றப்பட்ட சிறு குதிரைகள், நாடோறும் பயிற்றப்பட்டவற்றினும் குறைந்த பாடங்களிலேயே கற்றன. எனினும், நாட்கணக்கில் முந்தி முடித்தவை நாடோறும் பயின்றவையே. காலம் நெருங்கியிருப்போர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

உடலைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். பின்கால்களைக் கீழே மடக்கிப் பாரத்தைத் தாங்கும் வலிமை பல மாதங்களிலேயே வளர்வது. வீயன்னாவிலுள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் ஓர் ஆண்குதிரை முழுத் தேர்ச்சி பெற ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் செல்லும். எனவே, கடைசி வாரத்துக் கடும் பயிற்சி வலிமையைக் கூட்டாது, களைப்பையே கூட்டும். கடும் உழைப்பினாற் குறைந்த தசைச் சத்து முற்றும் நிறையக் குதிரைக்கு இரண்டு மூன்று நாட்கள் வேண்டும். மனிதருக்கு அத்துணை நாட்கள் வேண்டுவதில்லை. முதுகு நொந்த குதிரை வாயினால் முறையிடாது. வாலைச் சுழற்றும், காதைப் பின்மடிக்கும், வட்டத்தின் ஒரு பக்கத்தில் மாத்திரம் விறைத்து நிற்கும். இவற்றைப் பிடிவாதமெனக் கொண்டு பின்னும் பயிற்றுவோர் பலர். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே குதிரையேற்றம் பற்றி நூல் செய்த கிரேக்கராகிய செனபோன், வற்புறுத்திப் பெறும் அசைவில் அழகில்லை என்னும் கருத்தினராதலும் ஈண்டு நினையத்தக்கது.

பரீட்சைக்கு முந்திய நாளில் எளிய வேலையும் வெளியுலாவும் போதும். அன்றைய தினம் அரங்கினுட் புகுமுன் உடலைத் தளர்த்தும் பயிற்சி அரைமணி நேரமளவில் அமைவது பொது வழக்கு. இதிலும் குதிரையின் இயல்பே அளவுகோல். மிரளுங் குதிரையை முன்னதாகவே கொண்டுவந்து நெடுநேரம் மெல்ல நடத்துதல் வேண்டும். சோம்பற் குதிரைக்கு அரைமணியும் மிகுதி. இருபது நிமிடத்தில் அதன் சிறந்த துள்ளோட்டம் தோன்றியதாயின் அத்துடன் நிறுத்தி, மணியொலி கேட்கும்வரை கடிவாளத்தைத் தளர விட்டு நடத்துக.