வயிற்றோட்டமா? திகதியையும் இப்போதைய முகவரியையும் சொல்லுங்கள்

ஒரு வீட்டில் ஒருவருக்கு வயிற்றோட்டம் வந்தால், "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுகிறோம். அதே கிழமையில், அதே கிணற்றில் தண்ணீர் அள்ளும் ஐந்து வீடுகளில் வந்தால் அது நோய்ப் பரவலாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டாருக்கும் தங்கள் வீட்டு நோய் மட்டுமே தெரியும். எல்லா வீடுகளின் தகவலும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் பரவலைக் கண்டுபிடிக்கலாம்.

தகவல் எப்படிப் போகிறது?

உணவு நஞ்சாதல், வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி, வாந்திபேதி (கொலரா) ஆகியவை இலங்கையில் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். இவற்றில் ஒன்று என்று சந்தேகம் ஏற்பட்டவுடனேயே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் அறிவித்தல் படிவத்தை நிரப்பி, நீங்கள் வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) உங்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். ஒவ்வொரு கிழமையும் இக்கணக்கு கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது. முந்திய கிழமைகளுடனும் வருடங்களுடனும் ஒப்பிடும்போது, நோய் வழமையான அளவில் உள்ளதா, கூடியுள்ளதா என்று தெரியவரும்.

முகவரி ஏன் முக்கியம்?

மீள்குடியேறிய பலர் வைத்தியசாலையில் பழைய முகாமின் முகவரியையோ, தங்கியிருந்த உறவினரின் முகவரியையோ கொடுக்கிறார்கள். அப்போது படிவம் வேறு பிரதேசத்துக்குப் போய்விடும். உங்கள் கிராமத்தில் பத்துப் பேர் நோயுற்றாலும் கணக்கில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கிணற்றைப் பார்க்கவும் எவரும் வரமாட்டார்கள். அடையாள அட்டையில் எந்த முகவரி இருந்தாலும், இப்போது வசிக்கும் கிராமத்தையும் கிராம அலுவலர் பிரிவையும் சொல்லுங்கள்.

திகதி ஏன் முக்கியம்?

நோய்க்கிருமி உடலுக்குள் போன நாளுக்கும் நோய் தொடங்கும் நாளுக்கும் இடையே உள்ள காலம் நோய்க்கு நோய் வேறுபடும்:

• சமைத்து நெடுநேரம் வெளியில் வைத்த உணவில் உண்டாகும் சில நஞ்சுகள்: சில மணித்தியாலங்கள்
• சல்மொனெல்லா கிருமி: பொதுவாக 6 மணித்தியாலம் முதல் 3 நாட்கள் வரை
• நெருப்புக்காய்ச்சல்: பெரும்பாலும் 1 முதல் 3 கிழமைகள்
• செங்கண்மாரி (ஹெபரைற்றிஸ் ஏ): 15 முதல் 50 நாட்கள்

எனவே இன்று கண் மஞ்சளானால், காரணம் நேற்றைய சாப்பாடு அல்ல. ஒரு மாதத்துக்கு முன் வேறிடத்தில் குடித்த தண்ணீராகவும் இருக்கலாம். 2009இல் வவுனியா முகாம்களில் செங்கண்மாரி பரவியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே எப்போது இங்கு வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நோயுற்றோரை நாள்வாரியாக எண்ணிப் பார்த்தால் மேலும் ஒரு விடயம் புலப்படும். ஓரிரு நாட்களில் பலர் நோயுற்று, பின் புதிதாக எவருக்கும் வராவிட்டால், பெரும்பாலும் ஒரே விருந்து அல்லது ஒரே சமையல் காரணமாக இருக்கும். நாளுக்குச் சிலராகத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், கிணறு போன்ற, தினமும் பாவிக்கும் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• நோய் தொடங்கிய திகதி, நேரம், அதற்கு முந்திய மூன்று நாட்களில் சாப்பிட்டவை, குடிதண்ணீர் எடுத்த இடம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.
• அயலில் இரண்டு, மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் வந்தால், படிவம் வரும்வரை காத்திராமல் பரிசோதகருக்கோ குடும்பநல உத்தியோகத்தருக்கோ நேரே அறிவியுங்கள்.
• மிஞ்சிய உணவை மூடித் தனியாக வையுங்கள். எவரும் உண்ண வேண்டாம். பரிசோதகர் கேட்டால் கொடுங்கள்.
• நோயாளிக்கு ஜீவனி கரைத்துக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, சிறுநீர் குறைதல், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சமைத்தவருக்கோ கிணற்றுக்காரருக்கோ கெட்ட பெயர் வந்துவிடும் என்று சிலர் மறைக்கிறார்கள். நோய்க்கான காரணத்தைக் கண்டு அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காப்பதற்கே இந்த விசாரணை. கிணற்றுக்குக் குளோரின் இடுவதும், தண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பதும் நீங்கள் சொன்ன பின்னரே தொடங்க முடியும்.