விதையின் உறக்கம்

ஊறவைத்த மொச்சையின் தோலை உரித்துப் பிளந்தால் உள்ளே ஒரு செடி மடங்கிக் கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மண்ணுக்குள் இறங்க வேண்டிய முளைவேரும், வெளிச்சத்தை நோக்கி எழ வேண்டிய முளைக்குருத்தும், அவற்றோடு ஒட்டிய பருத்த இரண்டு விதையிலைகளும் அங்கே இருக்கின்றன. பருப்பாகச் சமைத்து உண்பது இந்த விதையிலைகளைத்தான். நெல்லில் உணவு வேறு இடத்தில் இருக்கிறது. அரிசியின் வெள்ளைப் பகுதி முழுவதும் முளைசூழ்தசை. அடிப்பக்கத்தில் ஓரமாக ஒட்டியிருக்கும் சிறு புள்ளியே கரு. வேர் ஊன்றி, இலை விட்டு, தன் உணவைத் தானே தயாரிக்கும்வரை தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறுதான் இந்தச் சேமிப்பு.

எவ்வளவு கொடுப்பது என்பதில் ஒவ்வொரு தாவரமும் ஒரு வகை. ஆர்க்கிட் விதையில் ஏறக்குறைய சேமிப்பே கிடையாது. காற்றில் பறக்கும் அளவுக்கு நுண்ணிய அந்த விதை, தகுந்த பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் பிழைக்கும். செஷல்ஸ் தீவுகளில் விளையும் கடல் தேங்காயோ 15 கிலோவையும் தாண்டும். உலகின் மிகப் பெரிய விதை அதுதான்.

ஆனால் விதையின் பெரிய அற்புதம் அதன் அளவில் இல்லை. அது உலர்ந்தும் சாகாமல் இருப்பதில் இருக்கிறது. வளரும் கருவின் எடையில் பாதிக்கு மேல் நீர். விதை முற்றும்போது அது நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்கு வற்றிவிடுகிறது. பெரும்பாலான இலைகளும் தண்டுகளும் இப்படி வற்றினால் மீளவே மாட்டா. விதையின் செல்களிலோ நீர் விலக விலக, சர்க்கரைகளும் சில தனிவகைப் புரதங்களும் சேர்ந்து உள்ளிருப்பதையெல்லாம் கண்ணாடிநிலைக்கு இறுக்கிவிடுகின்றன. அசைவு ஏறக்குறைய நின்றுபோவதால் சிதைவும் மெதுவாகிறது.

ஈரம் பட்டதும் இறுக்கம் தளர்கிறது. விதை நீரை உறிஞ்சி உப்புகிறது, மூச்சு விடத் தொடங்குகிறது. நெல்லிலும் பார்லியிலும் கரு ஜிப்ரெலின் என்ற ஹார்மோனை அனுப்ப, முளைசூழ்தசையைச் சுற்றியுள்ள மெல்லிய படலம் நொதிகளைச் சுரக்கிறது. அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துக் கருவுக்குத் தருகின்றன. விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் சாக்கில் கட்டி வைக்கும் உழவர் செய்வது இந்த வேலைக்கு வேண்டியதையெல்லாம் ஒன்றுகூட்டுவதே. ஈரமும் காற்றும் அங்கே இருக்கின்றன. முளைக்கும் விதை விடும் மூச்சில் எழும் சூடும் சாக்குக்குள்ளேயே தங்குகிறது.

ஈரம், காற்று, சூடு மூன்றும் கிடைத்தும் முளைக்க மறுக்கும் விதைகள் ஏராளம். இதற்கு விதை உறக்கம் என்று பெயர். கோடையில் தப்பிப் பெய்த ஒரு மழைக்கே எல்லா விதைகளும் முளைத்துவிட்டால், அடுத்து வரும் வறட்சியில் ஒன்றுகூட மிஞ்சாது. அறுவடை நேரத்து மழையில் நெற்கதிர் வயலிலேயே முளைத்துவிடாமல் காப்பதும் சில வாரங்களே நீடிக்கும் இந்த உறக்கம்தான். இந்தக் குணம் இல்லாத ரகத்தைப் பயிரிட்டவர் கதிரிலேயே முளைத்த நெல்லைக் கண்டு கலங்க நேரிடும்.

உறக்கம் கலைய ஒவ்வொரு விதைக்கும் ஒரு காரணம் வேண்டும். கருவேல விதையின் தோல் எளிதில் நீரை உள்ளே விடாது. ஆடு நெற்றைத் தின்று வெளியேற்றிய பிறகு, அல்லது வெந்நீரில் போட்டு எடுத்த பிறகு, எளிதாக முளைக்கும். ஆப்பிள் விதைக்குப் பல வாரக் குளிர் தேவை. காட்டுத்தீ அடிக்கடி பரவும் நிலங்களில் சில விதைகள் புகையில் உள்ள ஒரு வேதிப்பொருளால் விழிக்கின்றன. அது என்னவென்று 2004இல் ஆஸ்திரேலியாவில் கண்டறிந்தார்கள்.

இவற்றிலெல்லாம் நுட்பமானது வெளிச்சத்தை அறியும் திறன். 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் லெட்டூஸ் கீரை விதைகளின் மீது சிவப்பு ஒளியைச் சிறிது நேரம் பாய்ச்சியபோது அவை முளைத்தன. சிவப்புக்கு அப்பாலுள்ள, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் தொலைசிவப்பு ஒளியை அடுத்துப் பாய்ச்சியபோது முளைக்கவில்லை. மாற்றி மாற்றி எத்தனை முறை பாய்ச்சினாலும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதுவே முடிவு செய்தது. பச்சை இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடும். ஆகவே மரநிழலில் கிடக்கும் சிறுவிதை, தலைக்கு மேலே வேறொரு செடி வெயிலைப் பிடித்துக்கொண்டிருப்பதை ஒளியின் நிறத்தாலேயே அறிகிறது. கண்ணும் மூளையும் இல்லாத ஓர் உயிருக்கு இவ்வளவு கணக்குத் தெரிந்திருப்பது வியக்கத்தக்கது. உழுத நிலத்தில் களை மளமளவென்று முளைப்பதற்கும் ஒரு காரணம் இதில் இருக்கிறது: புதைந்து கிடந்த விதைகளின் மேல் உழவின்போது ஒரு கணம் வெளிச்சம் பட்டுவிடுகிறது.

இப்படி எத்தனை காலம் காத்திருக்க முடியும்? அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் புட்டிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட களைவிதைகளை மணலோடு கலந்து நிரப்பிய புட்டிகள் இருபதை மண்ணில் புதைத்தார். குறித்த இடைவெளியில் ஒவ்வொன்றாக எடுத்து விதைப்பது திட்டம். 2021இல் பின்வந்த தலைமுறை அறிவியலாளர்கள், மற்றப் புட்டிகளில் வெளிச்சம் படாதிருக்க இரவில் தோண்டி ஒன்றை எடுத்தார்கள். 142 ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் இருபது விதைகள் முளைத்தன. கடைசிப் புட்டியின் முறை 2100இல் வரும்.

சீனாவின் வறண்ட ஏரிப்படுகையில் கிடைத்த, சுமார் 1,300 ஆண்டு பழமையான தாமரை விதை முளைத்திருக்கிறது. அதையும் விஞ்சியது மசாடா பேரீச்சை. இஸ்ரேலில் சாக்கடல் அருகே உள்ள மசாடா கோட்டையில் 1960களில் அகழ்ந்தெடுத்த, ஏறக்குறைய 2,000 ஆண்டு பழைய விதைகளில் ஒன்றை 2005இல் எலைன் சோலவே என்ற ஆய்வாளர் ஊறவைத்து, ஹார்மோன் கொடுத்து நட்டார். அது முளைத்து மரமாயிற்று. ஆண்மரம். அப்பகுதியின் தொல்லிடங்களில் கிடைத்த வேறு பழைய விதைகளிலிருந்து பின்னர் பெண்மரங்களும் முளைத்தன. அவற்றில் ஒன்று, முதல் மரத்தின் மகரந்தத்தால் 2020இல் காய்த்தது.

எல்லா விதைக்கும் இந்த ஆயுள் இல்லை. மா, பலா, ரப்பர் விதைகள் உலர்ந்தால் செத்துவிடும். 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 ரப்பர் விதைகளில் நூற்றுக்கு நான்கு அளவுக்கே முளைத்தன. அந்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குக் கப்பலேறியது. பிச்சாவரத்துச் சுரபுன்னையின் விதை உறங்குவதே இல்லை. மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, நீண்ட நாற்றாகச் சேற்றில் விழுகிறது.

உலரவல்ல விதைகளைக் காப்பதற்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு. ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. விதைநெல்லை நன்றாகக் காயவைத்து வைக்கோலால் கோட்டை கட்டியதும், துவரைக்குச் செம்மண் பூசிக் காயவைத்ததும் ஈரத்தையும் பூச்சியையும் விலக்கும் வழிகள். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த விதைச் சேமிப்பகம் விதைகளை −18 டிகிரியில் வைத்திருப்பதும் அதே கணக்கில்தான்.

இவ்வளவு சிரமம் தேவையா என்பதற்கு 1970களின் நெல்லே விடை. புல்குட்டை நோய் ஆசிய வயல்களை அழித்தபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 6,000க்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்பாற்றல் இருந்தது உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரே ஒரு காட்டு நெல்லில். அதைக் கலந்து உருவான ஐ.ஆர். 36 பின்னாளில் கோடிக்கணக்கான ஏக்கரில் விளைந்தது. உமி முள்ளும் உதிரும் மணியுமாக, யாரும் விரும்பிப் பயிரிடாத ஒரு புல் அந்தக் காட்டு நெல்.

விதைச் சேமிப்பின் அருமையை அறிந்தவர்கள் ரஷ்யாவின் லெனின்கிராடில் இருந்தார்கள். 1941இல் ஜெர்மானியப் படை நகரைச் சூழ்ந்தபோது, தாவரவியலாளர் நிக்கோலாய் வவிலோவ் திரட்டிய விதைத் தொகுப்பைக் காத்த அறிவியலாளர்களில் சிலர் பட்டினியால் மாண்டார்கள். அவர்களில் ஒருவரான நெல் வல்லுநர் இவானோவின் பொறுப்பில் மூட்டை மூட்டையாக நெல் இருந்தது. அதில் அவர் கைவைக்கவில்லை. தொகுப்பைத் திரட்டிய வவிலோவும் மிஞ்சவில்லை; 1943இல் சரடோவ் சிறையில் இறந்தார்.

சேமிப்பகத்தில் வைத்த விதையும் என்றென்றும் நிலைக்காது. ஆகவே குறித்த காலத்துக்கு ஒருமுறை சிலவற்றை முளைக்கவிட்டுப் பார்க்கிறார்கள். முளைப்புத் திறன் குறைந்தால் மிச்சத்தை வயலில் விதைத்து, புது விதை எடுத்து, மீண்டும் உலர்த்தி உள்ளே வைக்கிறார்கள்.