பஃபலோ பக்கம் திருப்புங்கள்: ரொறன்ரோ வீடுகளுக்கு ஓர் அன்ரெனா விளக்கம்

கடைகளிலும் இணையத்திலும் விற்கும் தட்டையான ரி.வி. அன்ரெனாப் பெட்டிகளின் மேல் 'இருநூறு மைல்', 'முந்நூறு மைல்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வாங்கிவந்து யன்னல் கண்ணாடியில் ஒட்டினால் நாலு சனல் வரும். அதிலும் இரண்டு, தெருவில் பஸ் போனால் சதுரம் சதுரமாக உடைந்து உறைந்து நிற்கும். ஒரு மாதத்தில் அன்ரெனா அலுமாரிக்குள் போய்விடும். வீட்டுக்காரர் மறுபடியும் கேபிள் கொம்பனிக்குத் தொலைபேசி எடுப்பார். வேறு ஊர்களில் இதற்குக் காரணம் சொல்லலாம். ரொறன்ரோவில் சொல்ல முடியாது. அன்ரெனாவில் ரி.வி. பார்ப்பதற்கு இவ்வளவு வாய்ப்பான இடவமைப்பு அமைந்த நகரங்கள் குறைவு.

553 மீற்றர் உயரமான சி.என். கோபுரத்தைச் சுற்றுலாவுக்காகக் கட்டியதாகப் பலர் நினைக்கிறார்கள். நகரில் எழும்பிய மாடிக் கட்டடங்கள் ஒளிபரப்பை மறைக்கத் தொடங்கியதால்தான் அப்படியொரு உயரம் தேவைப்பட்டது. 1976இல் திறந்த அந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்துதான் சி.பி.சி., சி.ரி.வி., குளோபல், சிற்றி, ஒம்னி, ரி.வி.ஓ. எல்லாம் வருகின்றன. ஒன்ராறியோ ஏரிக்கு அந்தப் பக்கம் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ. அதற்கு அருகிலுள்ள கிராண்ட் ஐலண்டில் ஃபொக்ஸ், பி.பி.எஸ். நிலையங்களின் கோபுரங்கள், இன்னும் தெற்கே குன்றுப் பகுதியில் என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. இடையில் ஏரித் தண்ணீர் விரிந்து கிடக்கிறது; அதன்மேல் மலையோ மாடியோ இல்லை. ஸ்காபரோவில் ஒழுங்காகப் பூட்டிய கூரை அன்ரெனா இருபதுக்கும் மேற்பட்ட சனல்களைக் கொண்டுவரும்.

மாதக் கட்டணம் எதுவுமில்லை. கனடாவின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.ரி.சி. 2016 மார்ச்சிலிருந்து அடிப்படை ரி.வி. பொதிக்கு 25 டொலர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்தப் பொதியில் வரும் உள்ளூர்ச் சனல்களில் முக்கியமானவை உங்கள் கூரைக்கு மேலால் இலவசமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. கேபிளில் அமெரிக்கச் சனலைப் போட்டால், அதே நிகழ்ச்சியைக் காட்டும் கனடிய நிலையத்தின் சிக்னலையும் விளம்பரத்தையும் மாற்றிப் போட்டிருப்பார்கள். அன்ரெனாவில் பஃபலோ சனல் புறப்பட்டபடியே வந்துசேரும். தமிழ்ச் சனல்களை மட்டும் இதில் எதிர்பார்க்க வேண்டாம். அவற்றுக்குக் கேபிள் அல்லது இணையம்தான் வழி.

தண்ணீர் தாண்டி வரும் அலையைப் பிடிப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிய வித்தையல்ல. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் நெடிய குழாயில் அன்ரெனா ஏற்றி, பூஸ்ரர் போட்டு, தூரதர்சன் பார்த்தார்கள். 1982இல் தொடங்கிய ரூபவாஹினியைத் தமிழ்நாட்டின் தென்கரை ஊர்கள் இதே மாதிரிப் பார்த்தன. ஆனால் அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்று இங்கே ஆளைப் பிழையான வழியில் விடுகிறது. அன்றைக்குச் சிக்னல் பலவீனமென்றால் படத்தில் புள்ளி விழும், சத்தம் இரையும். ஆனாலும் கிரிக்கெட் ஸ்கோர் தெரியும். அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12இலும் கனடாவின் பெருநகர நிலையங்கள் 2011 ஓகஸ்ட் 31இலும் டிஜிற்றலுக்கு மாறிய பிறகு அந்த இடைநிலை போய்விட்டது. சிக்னல் இரைச்சலைவிடச் சுமார் 15 டெசிபல் மேலே இருந்தால் படம் பளிங்கு மாதிரி இருக்கும். அதற்கு ஒரு துளி கீழே போனால் திரை கறுப்பு. எனவே 'இன்றைக்கு வருகிறதே' என்று திருப்திப்பட முடியாது. வைகாசியில் மரம் இலை விட்டாலும் மழையில் கிளை நனைந்தாலும் குறையப்போகும் டெசிபல்களையும் சேர்த்துக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இனி அந்த இருநூறு மைல் கதை. ரி.வி. அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. ஒளிபரப்புக் கோபுரத்தின் உயரத்தையும் உங்கள் அன்ரெனாவின் உயரத்தையும் மீற்றரில் எடுத்து, இரண்டுக்கும் தனித்தனியாக வர்க்கமூலம் கண்டு கூட்டி, 4.12ஆல் பெருக்கினால், தடையில்லாமல் அலை எட்டக்கூடிய தூரம் கிலோமீற்றரில் வரும். 300 மீற்றர்க் கோபுரத்துக்கும் 9 மீற்றர்க் கூரைக்கும் இடையில் இது 84 கிலோமீற்றர் அளவு. அதே கோபுரத்தை இருநூறு மைலில், அதாவது 320 கிலோமீற்றரில் இருந்து பிடிக்க வேண்டுமானால் உங்கள் அன்ரெனா மூன்றரைக் கிலோமீற்றருக்கும் மேலே நிற்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள், அல்லது நாங்கள் போட்டுப் பார்க்க மாட்டோம் என்று நம்பியிருப்பார்கள்.

ஸ்காபரோ ரவுன் சென்ரரிலிருந்து கிராண்ட் ஐலண்ட் 87 கிலோமீற்றர் அளவு, தெற்கே உள்ள கோபுரங்கள் 130 கிலோமீற்றருக்கு மேல். அடிவானத்தின் விளிம்பிலும் அதற்கு அப்பாலும் நிற்கும் இந்த நிலையங்களை எங்களுக்கு எட்டச் செய்பவை மூன்று: ஸ்காபரோ நிலம் ஏரி மட்டத்தைவிட நன்றாக உயர்ந்திருப்பது, எதிர்க்கரைக் கோபுரங்களில் சில குன்றின்மேல் நிற்பது, விளிம்பில் மோதும் அலை கொஞ்சம் வளைந்து இறங்குவது. கோடை மாலைகளில் குளிர்ந்த ஏரிக்கு மேல் சூடான காற்று படிந்தால் அலை இன்னும் வளைந்து, பேர் கேள்விப்படாத ஊர்ச் சனல்கூட வந்துபோகும். அது போனஸ், அதை நம்பி அன்ரெனா பூட்டக்கூடாது.

அதனால் முதல் செலவு உயரத்துக்கு. கீழ்மாடி யன்னலில் இருப்பதைக் கூரைக்கு அடியிலுள்ள அற்றிக்குக் கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும். அற்றியிலிருந்து கூரைக்கு வெளியே ஏற்றினால் இன்னொரு படி. அற்றியில் வைப்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும்: சுவரிலோ கூரையிலோ அலுமினியத் தாள் ஒட்டிய குளிர்காப்பு இருந்தால் அலை உள்ளே நுழையாது. புது வீடுகளின் யன்னல் கண்ணாடியிலும் வெப்பத்தைத் தடுக்கக் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு பூசியிருப்பார்கள். அந்தக் கண்ணாடியில் அன்ரெனாவை ஒட்டுவது, அலை வரும் வழியை அடைத்துவிட்டுக் காத்திருப்பதுதான்.

அடுத்தது திசை. ஸ்காபரோவிலிருந்து சி.என். கோபுரம் தென்மேற்கே 18 கிலோமீற்றர் அளவில் நிற்கிறது. பஃபலோ நிலையங்கள் தெற்கிலிருந்து சற்றுக் கிழக்காக, ஏறத்தாழ 160 பாகையில். இரண்டுக்கும் நடுவில் அன்ரெனாவை வைப்போம் என்று பலர் சமரசம் செய்கிறார்கள். வேண்டாம். சி.என். கோபுரம் அவ்வளவு அருகில் இருப்பதால் அன்ரெனாவின் பக்கவாட்டிலும் அதன் சிக்னல் தாராளமாக வரும். அன்ரெனாவை முழுக்க முழுக்கப் பஃபலோவுக்கே திருப்புங்கள். மார்க்கம், ஏஜக்ஸ் வாசிகளுக்கும் இதே முறைதான். மிசிசாகாவில் பஃபலோ தென்கிழக்கே, சுமார் 140 பாகையில், சி.என். கோபுரம் கிழக்கிலிருந்து சற்று வடக்காக. இங்கே காந்தத் திசைகாட்டி உண்மை வடக்கிலிருந்து 10 பாகை அளவு மேற்கே விலகிக் காட்டும் என்பதால், கைத்தொலைபேசித் திசைகாட்டியை உண்மை வடக்குக்கு மாற்றிவிட்டு அளக்க வேண்டும். ராபிற்-இயர்ஸ் இணையத்தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் ஒவ்வொரு நிலையத்தின் திசையும் தூரமும் எதிர்பார்க்கக்கூடிய பலமும் வந்துவிடும். ஒரு சதம் செலவழிக்கும் முன் அதைப் பாருங்கள்.

திருப்பும் வேலைக்கு இரண்டு பேர் தேவை: ஒருவர் கூரையில், மற்றவர் ரி.வி.யின் சிக்னல் அளவு காட்டும் திரைக்கு முன்னால். பலமான சனலைப் பார்த்து அன்ரெனாவைத் திருப்புவதால் பிரயோசனம் இல்லை. அது எங்கே வைத்தாலும் நிறைந்துதான் காட்டும். என்.பி.சி. மாதிரித் தூரத்துப் பலவீனமான ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து பாகை திருப்பி, ஐந்தாறு விநாடி பொறுத்து, பிறகு கேளுங்கள். டிஜிற்றல் அளவுகாட்டி உடனே அசையாது. குழாயை ஓர் அடி இடம்மாற்றியதும் படம் வருவதும் உண்டு. பக்கத்துக் கட்டடங்களில் பட்டுத் தெறித்த அலை நேர் அலையோடு மோதாத இடமாக அது இருக்கும்.

பூஸ்ரருக்கு இவ்வளவு நேரமும் வராததற்குக் காரணம் இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது பெரிய மோட்டர் பூட்டி என்ன செய்வது? பூஸ்ரர் அன்ரெனா பிடிக்காத சிக்னலை உண்டாக்காது. கேபிளில் போகும் இழப்பை ஈடுசெய்வதுதான் அதன் வேலை. ஆர்.ஜி.6 கேபிளில் 30 மீற்றருக்கு 5 டெசிபல் அளவு இழப்பு. அதாவது பிடித்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கீழே வந்துசேரும். இரண்டு ரி.வி.க்குப் பிரிக்கும் ஸ்பிளிற்றர் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிக்கும் குறைவாகவே கொடுக்கும். ஆகவே பூஸ்ரரை ரி.வி.க்குப் பின்னால் செருகாமல், குழாயில் அன்ரெனாவுக்குப் பக்கத்தில், கேபிள் தொடங்கும் இடத்தில் பூட்ட வேண்டும். அங்கும் எச்சரிக்கை வேண்டும்: சி.என். கோபுரத்தின் பலமான சிக்னல் ஒரு மலிவான பூஸ்ரருக்குள் போனால் அது திணறி, பஃபலோ சனல்களைத்தான் முதலில் தொலைக்கும். ஸ்காபரோவில் பூஸ்ரரைக் கழற்றியதும் சனல் கூடிய வீடுகள் உண்டு. முதலில் பூஸ்ரர் இல்லாமல் ஒரு ரி.வி.க்கு நேரே இணைத்துப் பாருங்கள்.

கேபிள் முனையையும் கழற்றிப் பார்க்க வேண்டும். நடுச் செப்புக் கம்பி கறுத்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சுற்றுப் பின்னலின் மயிரிழைக் கம்பி ஒன்று நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் சிக்னல் அங்கேயே முடிந்துவிடும். பழைய கேபிள் கொம்பனி விட்டுப்போன மெல்லிய வயரைப் பாவிக்கும் வீடுகளில் பாதிப் பிரச்சினை இந்த முனைகளில்தான். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கே சொட்டிப் போகும்.

'எல்லாம் வருகிறது, சி.ரி.வி. 9 மட்டும் வரவில்லை' என்று சொல்பவர்கள் பலர். மற்றவை அநேகமாக அலைநீளம் குறைந்த யு.எச்.எவ். பட்டையில் இருக்க, சி.ரி.வி. இன்னும் அலைநீளம் கூடிய வி.எச்.எவ். பட்டையில் இருக்கிறது. யு.எச்.எவ். அலையைப் பிடிக்க 25 முதல் 32 சென்ரிமீற்றர் நீளக் கம்பி போதும். 7 முதல் 13 வரையான வி.எச்.எவ். சனல்களுக்கு 70 முதல் 86 சென்ரிமீற்றர் வேண்டும். யன்னலில் ஒட்டும் தாள் அன்ரெனாவுக்கு அந்த அகலம் கிடையாது. இந்தப் பட்டையை மலிவான எல்.ஈ.டி. மின்குமிழ்களும் குழப்பும். குசினி லைற்றைப் போட்டதும் சி.ரி.வி. உடைந்தால் குற்றவாளி குசினியில் இருக்கிறது.

திரையில் தெரியும் சனல் இலக்கத்தை வைத்து அன்ரெனா வாங்கக்கூடாது என்பதும் இதனால்தான். சி.பி.சி. திரையில் 5 என்று காட்டினாலும் உண்மையில் ஒளிபரப்பாவது யு.எச்.எவ். 20இல். பஃபலோவின் 2, 4, 7 மூன்றும் யு.எச்.எவ்.தான். அதோடு, 600 மெகாஹேர்ட்ஸ் பட்டையை அமெரிக்கா 2017இலும் கனடா 2019இலும் ஏலத்தில் கைத்தொலைபேசிக் கொம்பனிகளுக்கு விற்றதால், அந்தப் பட்டையில் இருந்த நிலையங்கள் 36ஆம் சனலுக்குள் இடம்மாறின. அதற்குப் பிறகு சனல் தேடலை ஒருமுறைகூட ஓட்டாத ரி.வி. பழைய இடத்தில்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கும். கூரைக்கு ஏறுவதற்கு முதல் அதைச் செய்யுங்கள். செலவில்லாத வைத்தியம் அது ஒன்றுதான்.

கொண்டோவில் இருப்பவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. பல்கனி தெற்கே பார்த்தால் அதிர்ஷ்டம். நிர்வாக விதியைப் படித்துவிட்டு, கம்பிக்கு உட்பக்கமாக ஒரு சிறிய அன்ரெனாவை நிறுத்தலாம். வடக்கே பார்த்தால் எதிர்க் கட்டடத்தில் தெறித்து வருவது கிடைத்தால் உண்டு. பேஸ்மென்றில் குடியிருப்பவர்கள் மேல்வீட்டுக்காரரோடு பேசி, கூரை அன்ரெனா ஒன்றைப் பங்கிடுவதே நடக்கக்கூடிய காரியம்.

கூரையில் ஏறுபவர்கள், குழாய் சரிந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். குழாயையும் கேபிளையும் வீட்டின் நிலத்தொடுப்போடு இணைப்பது விருப்பத் தெரிவல்ல. இடிமின்னலுக்காகக் கட்டாயம் செய்யவேண்டியது. இதில் சந்தேகமிருந்தால் அனுமதிபெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். அன்ரெனாவைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய கடையில் வாங்கி, குழாயில் நிரந்தரமாகப் பூட்டுவதற்கு முன் ஒரு வாரம் பரீட்சித்துப் பாருங்கள். அதுவரை பெட்டியையும் பற்றுச்சீட்டையும் எறிய வேண்டாம்.