முழங்கால் அறுவைக்குப் பின் போடும் நரம்பு ஊசி

தேய்ந்துபோன முழங்கால் எலும்பின் முனைகளைச் சீவிவிட்டு, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்தும் சிகிச்சைக்கு நம் தோட்டத்துப் பெரியவர்களும் போய் வருகிறார்கள். அதற்குப் பின் வரும் வலி கடுமையானது. முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவருக்கு இவ்வலி எம்மாத்திரம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. சீக்கிரமே காலை மடக்கி நீட்டி நடந்து பழகினால்தான் மூட்டு இறுகாது. காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் குறையும். வலியால் துடிப்பவர் எப்படி நடப்பார்?

இதற்காகவே மயக்க மருத்துவர் நரம்பு ஊசி போடுகிறார். வலி என்பது நரம்பு வழியே மூளைக்குப் போகும் செய்தி. நரம்பைச் சுற்றி மருந்தைச் செலுத்தினால் அச்செய்தி பாதியிலேயே நின்றுவிடுகிறது. 1884ஆம் ஆண்டில் கார்ல் கொல்லர் என்னும் வியன்னா மருத்துவர், கண்ணை மட்டும் மரக்கச் செய்து அறுவை நடத்தலாம் என்று காட்டினார். அதன் வழி வளர்ந்த முறை இது. இன்று அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்துகிறார்கள்.

முன்பு தொடை இடுக்கில் உள்ள பெரிய நரம்பில் போடுவதே வழக்கம். வலியோடு தொடைத் தசையின் பலமும் குறைந்துவிடும். இப்போது பல மருத்துவமனைகளில் நடுத்தொடையில் போடுகிறார்கள். பலம் பெரும்பாலும் நிற்கிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறோம். வலி இல்லை, கால் சரியாகிவிட்டது என்று நினைத்து, தாதியை ஏன் எழுப்புவானேன் என்று அம்மா இரவில் தானே கழிப்பறைக்கு எழுந்தால், மரத்த கால் மடங்கிவிடும். விழுந்தால் தையல் பிரியலாம், புதிய மூட்டை ஒட்டிய எலும்பும் முறியலாம். துணைக்கு இருப்பவர் இதை மறக்கக் கூடாது. மரத்த காலுக்குச் சுடுநீர் ஒத்தடமும் வேண்டாம்; வெந்தாலும் தெரியாது.

முழங்காலின் பின்புறம் வலித்தால் ஊசி பலிக்கவில்லை என்று பொருளல்ல. அங்கே வேறு நரம்பு ஓடுகிறது. தாதியிடம் சொன்னால் வேறு மருந்து தருவார்கள். காதில் இரைச்சல் கேட்டாலோ உதடு மரத்தாலோ உடனே சொல்ல வேண்டும். அரிதாக மருந்து இரத்தத்தில் கலந்ததன் அறிகுறி அது.

ஒருமுறை போடும் ஊசி பெரும்பாலும் ஒரு பகல், ஓர் இரவுக்குள் தெளிந்துவிடும். தெளியும்போது வலி திடீரென ஏறும். ஆகவே வலி இல்லையே என்று மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடாமல், கொடுத்த நேரத்திலேயே விழுங்கச் செய்யுங்கள்.